‘அர்த் சத்யா’: கைதட்ட முடியாத முடிவு

(திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோவிந்த் நிஹலானி இயக்கி 1983ஆம் ஆண்டு வெளிவந்த ‘அர்த் சத்யா’ என்னும் இந்தித் திரைப்படத்தைச் சற்றுமுன் பார்த்து முடித்தோம். தலைப்பைத் தமிழில் ‘பாதி உண்மை’ எனலாம். காவல்துறையை வைத்து நம் நாட்டில் எடுக்கப்பட்ட விறுவிறுப்பான படங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் இப்படத்தை முதல் வரிசையில் வைக்கிறேன். அதற்கான காரணங்களைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பன்வல்கரின் ‘சூர்யா’ என்னும் மராத்திச் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு விஜய் தெண்டுல்கர் திரைக்கதை எழுதினார். பம்பாய் நகரக் காவல் உதவி ஆய்வாளர் அனந்த் வேலங்கராக நடித்த ஓம் பூரி, சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார்.

வேலங்கர் நேர்மையானவர். ஏழைகளைத் தாக்கிய அடியாட்களைக் கைது செய்கிறார். மேலிடத்துச் செல்வாக்கு அவருக்கு எதிராக நிற்கிறது. அடியாட்களை வைத்திருக்கும் ராமா ஷெட்டியோ மாநகராட்சித் தேர்தலில் நிற்கிறான். உயிரைப் பணயம் வைத்துத் தாம் பிடித்த கொள்ளைக்காரனுக்கான பெருமையும் வேறோர் அதிகாரிக்குப் போகிறது. அந்த ஆத்திரம் யார்மீது இறங்குகிறது? வானொலிப் பெட்டியைத் திருடியதாகப் பிடிபட்டுக் கொட்டடியில் கிடக்கும் ஓர் ஏழையின்மீது. அவன் அடிபட்டே சாகிறான்.

படத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. மேலே திருப்பியடிக்க முடியாத கை கீழே அடிக்கிறது. வேலங்கரின் தந்தையும் காவலர். வீட்டில் மனைவியை அடித்தவர். படிக்க விரும்பிய மகனைக் கட்டாயப்படுத்திக் காக்கிச் சட்டைக்குள் தள்ளியவர். வன்முறை ஒரு தனிமனிதனின் குணக்கேடு அன்று என்பதைப் படம் எந்தப் பிரசங்கமும் இன்றிக் காட்டிவிடுகிறது.

காலத்தையும் நினைவில் கொள்ளுங்கள். 1982 ஜனவரியில் பம்பாயின் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நகரின் காவலர்களே கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களை அடக்க வெளியிலிருந்து படைகள் வந்தன. தொழிலாளியை அடிக்க அனுப்பப்படுபவனும் உழைக்கும் குடும்பத்தின் பிள்ளையே. இந்த முரண்பாட்டை அறிந்த கலைஞர்கள் எடுத்த படம் இது.

இனி, முடிவுக்கு வருகிறேன். கொட்டடிக் கொலையிலிருந்து தப்ப ஷெட்டியின் உதவியையே நாடிப் போகும் வேலங்கர், அவன் கேட்கும் விலையைத் தர மறுத்து, அவன் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுச் சரணடைகிறார். அந்தக் காட்சியில் இங்கே சிலர் கைதட்டினீர்கள். குறை சொல்லவில்லை, முதன்முறை பார்த்தபோது நானும் கைதட்டியவன்தான். ஆனால் ஷெட்டியின் கழுத்தை நெரித்த கைகள்தாம் அந்தத் திருடனையும் கொன்றன. ஒன்றுக்குக் கைதட்டிவிட்டு மற்றொன்றுக்குக் கண்ணீர் விட முடியுமா?

இது வெறும் திரைப்பட விவாதம் அன்று. 2019 டிசம்பர் 6 அன்று, ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் காவலர்கள்மீது பூக்களைத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டது என்று 2022இல் கூறியது. நால்வரும் லாரித் தொழிலாளர்கள். பணம் படைத்தவன் குற்றவாளியானால் அவனுக்கு வழக்கறிஞர் வருவார். இவர்களுக்கு வந்தது துப்பாக்கிக் குண்டு.

கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய நெறிகளை டி.கே. பாசு வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் வகுத்தது. அரசியல் தலையீட்டிலிருந்து காவல்துறையை விடுவிக்கும் வழிகளைப் பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் கட்டளையிட்டது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டும், இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. இவற்றை நிறைவேற்றக் கோருவது நம் கடமை.

அதற்கு முன், நம் கிளைகளிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. அடுத்த ‘என்கவுன்ட்டர்’ செய்தி வரும்போது, பக்கத்து வீட்டார் மகிழ்ந்து பேசுவார்கள். நம் குடும்பத்தாரும் பேசக்கூடும். அப்போது மௌனமாய் இருந்துவிடாதீர்கள். குற்றத்துக்கு இரையானவரின் வேதனையை முதலில் மதித்துப் பேசுங்கள். பிறகு இந்தப் படத்தின் கதையைச் சொல்லுங்கள். வானொலிப் பெட்டி திருடியவனிடமிருந்து கதையைத் தொடங்குங்கள்.