கை நடுங்கினா நல்ல கார்டா?

இந்த எபிசோட் சீட்டாட்டம் பத்தி. ஜெயிக்க டிப்ஸ் வேணும்னு வந்தவங்க கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

எங்க ஊர் காரைக்கால். 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சியில இருந்த ஊர். தெருவுக்கு நாலு வீட்டுக்காவது பிரான்ஸ்ல சொந்தம் இருக்கும். அப்படி மாங்கனித் திருவிழாவுக்கு பாரிஸ்லேர்ந்து வந்த என் அத்தைப் பையன், ஒரு தடவை போக்கர் சிப்ஸ் பெட்டியோட வந்து இறங்கினான். அதுவரைக்கும் எங்க வீட்ல ரம்மிதான். ராத்திரி மொட்டை மாடியில அஞ்சு பேர் உக்காந்தோம். காசு கிடையாது, தோத்தவங்க எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தரணும்.

நான் படிச்சிட்டுப் போயிருந்தேன். எதிராளியோட உடல்மொழியைப் படிக்கறதுக்கு மைக் காரோ 1984ல எழுதின புத்தகம்தான் எல்லாருக்கும் பாலபாடம். அவர் சொல்றது இதுதான்: நடிக்கறவன் தன்கிட்ட இருக்கறதுக்கு நேர்மாறா நடிப்பான். பெருமூச்சு விட்டுட்டு பெட் கட்டறான்னா உஷாராகணும். திடீர்னு கை நடுங்கினா பயம் இல்ல, பெரிய கார்டு வந்திருக்கு.

2013ல ஸ்லெபியன் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. உலகப் போக்கர் தொடர் வீடியோவுல முகத்தை மட்டும் பாத்தவங்க கணிப்பு, குருட்டாம்போக்கா சொல்றதைவிட மோசமா இருந்துச்சு. கையை மட்டும் பாத்தவங்க ஓரளவு சரியா சொன்னாங்க. முகத்தைக் கட்டிப்போடப் பழகினவங்க கையை மறந்துடறாங்க போல.

அதனால நான் கையையே பாத்தேன். அம்மா ஈஸி, பிளஃப் அடிச்சா பேச்சு நின்னுடும். அப்புறம் பெரியப்பா ஒரு பெரிய பெட் கட்டினார். விரல் நடுங்குது. என்கிட்ட ரெண்டு ஜோடி. யோசிக்காம ஃபோல்ட் பண்ணிட்டேன். அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஒண்ணுமே இல்ல!

"ஏண்டா பயந்துட்ட?"ன்னு ஒரே சிரிப்பு.

மறுநாள் காலையில திண்ணையில காபி குடிச்சிட்டிருந்தார். டம்ளர் தளும்பி வேட்டியில கொட்டுது. காரோ சொன்னதுல முக்கியமான வார்த்தை 'திடீர்னு'. சாதாரணமா ஒருத்தர் கை எப்படி இருக்கும்னு தெரியாம நடுக்கத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது. அவர் கை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியல. நானோ சென்னையிலேர்ந்து மாசாமாசம் ஊருக்கு வர்றவன்.

"இது எப்பலேர்ந்து பெரியப்பா?"

"ரெண்டு வருஷமாடா. பேங்க்ல கையெழுத்துதான் ஒத்துப்போக மாட்டேங்குது."

பெரியம்மாவுக்கே அந்தக் கையெழுத்து விஷயம் அப்பதான் தெரிஞ்சுது.

அடுத்த வாரம் நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எதையாவது பிடிக்கும்போது வர்ற நடுக்கம், பார்க்கின்சன் இல்லன்னு சொல்லி மாத்திரை கொடுத்தார். இப்ப பாதி குறைஞ்சிருக்கு.

ஆட்டம் இன்னும் நடக்குது. அவர் பெட் கட்டினா எனக்கு ஒண்ணும் பிடிபடல. பரோட்டா பில் பெரும்பாலும் என்னோடதுதான்.