நீந்தத் தெரியாமல் நீருக்குள் இறங்கினோம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், ரொறன்ரோவிலிருந்து வந்த பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பில் ஆறு பேர் வந்திருக்கிறோம். நேற்று மண்டபப் படிகளில் நாங்கள் கைபிடியைப் பிடித்து நண்டுபோலப் பக்கவாட்டில் ஏறியதைப் பார்த்துச் சிரித்தீர்கள். வலைப்பந்துத் திடலில் துள்ளிய கால்கள்தான் இவை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் இப்படிக்கூட ஏறியிருக்க மாட்டோம். கோயிலில் நிலத்தில் இருந்தால் எழும்ப ஒருவர் கை வேண்டும். கழிவறைக்கு எழும்பிப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தவர்களும் எங்களுக்குள் உண்டு.

ஒரு வைத்தியர், “முழங்கால் தேய்ந்துவிட்டது, வயது போனால் இப்படித்தான்” என்று மாத்திரை எழுதித் தந்தார். பிறகு பார்த்த பிசியோதெரபிஸ்ற் பெண்தான் நீச்சல் தடாகத்துக்குப் போகச் சொன்னாள். “எங்களுக்கு நீந்தத் தெரியாதே, பிள்ளை” என்றோம். தலைமயிர் நனையத் தேவையில்லை அன்ரி, நடந்தால் போதும் என்றாள்.

நீந்தத் தெரியாது என்றது சாட்டு. உண்மையான தடை உடுப்பு. கீரிமலையில் பெண்களுக்கென்று மறைத்துக் கட்டிய கேணிக்குள் குறுக்குக்கட்டோடு இறங்கிய நாங்கள், பேரன் வயதுப் பொடியன்கள் நிற்கும் தடாகத்தில் எப்படி இறங்குவது? மூன்று மாதம் இந்தக் கதையிலேயே போயிற்று. கடைசியில் நீச்சல் துணியில் நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் வாங்கிக்கொண்டு இறங்கினோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மூன்று மாதத்தை வீணாக்கியதுதான் இப்போது கவலை.

இடுப்பளவு நீரில் நின்றால் கால்கள் தாங்கும் பாரம் ஏறக்குறைய அரைவாசியாகும், நெஞ்சளவில் மூன்றிலொன்று. 60 கிலோ உடம்பு அங்கே 20 கிலோதான். தரையில் நோகிற நடை நீருக்குள் அவ்வளவு நோகாது. ஆனால் நீர் சும்மா விடாது. வேகமாகத் தள்ளத் தள்ள அதுவும் எதிர்க்கும். தொடைத் தசை பலப்படுவது அதனால்தான். தசை பலமானால் முழங்காலின் பாடு குறையும்.

முன்னே நடப்போம், பின்னே நடப்போம், பக்கவாட்டில் நடப்போம். விளிம்பைப் பிடித்துக் காலைப் பின்னால் உயர்த்துவோம், கதிரையில் இருப்பதுபோல் பாதி குந்தி எழும்புவோம். கிழமைக்கு மூன்று நாள், அரைமணி நேரம். நீர் 30 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் நல்லது. குளிர்ந்த தடாகத்தில் எங்கள் மூட்டுகள் இறுகிவிடுகின்றன.

கூட்டிச் சொல்ல விரும்பவில்லை. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது. கொக்ரேன் அமைப்பு 2016 இல் 13 ஆய்வுகளை, 1,190 பேரின் விபரங்களைத் திரட்டிப் பார்த்தது. வலியும் இயலாமையும் சிறிதளவு, குறுகிய காலத்துக்குக் குறைவதாகவே கண்டது. சென்ற மாரியில் நாங்கள் ஆறு வாரம் போகவில்லை. பழைய நோ திரும்பி வந்தது. ஆனால் அந்தச் “சிறிதளவு” எங்களுக்குக் கழிவறைக்குத் தனியாகப் போய்வரும் அளவு.

இருதய வருத்தமோ கட்டுப்படாத பிரஷரோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். காலில் புண் இருந்தால், முக்கியமாக நீரிழிவுக்காரர், ஆறும்வரை இறங்கவேண்டாம். தடாகக் கரை வழுக்கும், ரப்பர்ச் செருப்புப் போடுங்கள். வெளியே ஏறும்போது உடம்பு திடீரென்று பாரமாகித் தலைசுற்றும். படியில் சற்று நின்று ஏறுங்கள். ஒருபோதும் தனியாகப் போகவேண்டாம்.

இங்கே தடாகம் எங்கே என்று ஒரு தங்கை நேற்றுக் கேட்டார். காரைநகர் கசூரினாவில் கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கிறது, நீரும் வெதுவெதுப்பு. நாளை காலை ஏழு மணிக்குப் பாடசாலை வாசலிலிருந்து வான் புறப்படும். பன்னிரண்டு இடம் இருக்கிறது. சேலை வேண்டாம், நனைந்தால் காலைச் சுற்றும்; ஒரு காற்சட்டையும் துவாயும் கொண்டு வாருங்கள். கடலில் பிடிக்கக் கம்பி இல்லை, அதனால் இருவர் இருவராகக் கைகோத்துத்தான் இறங்குவோம்.