விடுமுறை நாட்களும் நம் வீட்டு மழலைகளும்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனது ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, அன்பிற்குரிய இளைஞர்களே!

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. வாவிக்கரை வெளிகளில் புற்கள் காய்ந்துவிட்டன. முன்பள்ளிகள் விடுமுறைக்காக மூடப்பட்டுவிட்டன. காலையில் தண்ணீர்ப் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்ட நான்கு, ஐந்து வயதுச் செல்வங்கள் இப்போது நாள் முழுவதும் நம் கண்முன்னே நிற்கின்றார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் வீட்டுக்கு வீடு எழுகின்றது.

இக்கேள்விக்கு நம்மிற் பலர் இரண்டு விடைகளை வைத்திருக்கின்றார்கள். ஒன்று, பாடம். அடுத்த ஆண்டு தரம் 1 இற்குச் செல்லவிருக்கும் பிள்ளை இப்போதே எழுதவும் வாசிக்கவும் கற்றுவிட வேண்டும் என்ற அவசரத்தில், கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து உட்கார வைத்துவிடுகின்றோம். மற்றையது, கைப்பேசி. அழுதால் கைப்பேசி, உண்ண மறுத்தால் கைப்பேசி, விருந்தினர் வந்தால் கைப்பேசி. முதலாவது, பிள்ளையை அதன் வயதுக்கு மீறி இழுத்துச் செல்கின்றது. இரண்டாவது, பிள்ளையைத் தனியே கைவிட்டுவிடுகின்றது. இவ்விரண்டும் அல்லாத வழியொன்று நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றது. அதனை நினைவூட்டுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பிறருக்கு உபதேசிக்கும் முன், என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகின்றேன். என் மூத்த மகனுக்கு நான்கரை வயதாயிருந்தபோது, ஒரு விடுமுறைக் காலத்தில் நானே அவனுக்கு ஆசிரியனாக இருப்பதென்று தீர்மானித்தேன். ஸுபஹுக்குப் பின் அலிஃப், பே. காலை உணவுக்குப் பின் தமிழ் எழுத்துக்கள். அஸருக்குப் பின் இலக்கங்கள். அரபுக் கல்லூரியில் பல ஆண்டுகள் ஓதி வந்த எனக்கு, ஒரு குழந்தைக்கு எழுத்தறிவிப்பது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஒரு வாரம் கழிவதற்குள் என் குரல் உயர்ந்துவிட்டது. அவனது விரல்கள் பென்சிலை இறுகப் பிடித்து நடுங்கின. பத்தாம் நாள் பென்சிலைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், அரிசி வைத்திருந்த வாளிக்குள் அதைப் புதைத்து வைத்திருந்தான். ஏன் ஒளித்தாய் என்று அதட்டினேன். அவன் அழுதுகொண்டே, “லீவு எப்போ முடியும் வாப்பா?” என்று கேட்டான்.

சகோதரர்களே! விடுமுறை எப்போது முடியும் என்று ஒரு குழந்தை ஏங்குமாயின், குறை அக்குழந்தையிடம் இல்லை. மாணவனாக இருந்தபோது கற்று, தந்தையானபோது மறந்துவிட்ட பாடங்களை அன்றிரவு நான் மீண்டும் புரட்டிப் பார்த்தேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் என்னும் நூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓதிவிட்டு வரும் பிள்ளைக்கு நல்ல விளையாட்டுக்கு இடமளிக்க வேண்டும் என்கின்றார்கள். விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் கல்வியால் களைப்படையச் செய்தால், பிள்ளையின் உள்ளம் செத்துவிடும், கூர்மை மழுங்கிவிடும், கல்வியிலிருந்து தப்புவதற்குத் தந்திரம் தேடும் என்பது அவர்களது கருத்தாகும். 1406 ஆம் ஆண்டில் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களும், கடுமையாகக் கற்பிப்பது பிள்ளையின் உற்சாகத்தைப் பறித்து, பொய்யையும் ஏமாற்றையும் பழக்கிவிடும் என்று எச்சரித்தார்கள். அரிசி வாளிக்குள் புதைந்து கிடந்த பென்சிலுக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

உடற்கூற்று அறிவும் இதனையே உணர்த்துகின்றது. மனிதனின் மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை. குருத்தெலும்பாக இருந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுகின்றன. நான்கு வயதில் அந்த வேலை பாதிகூட நிறைவடைவதில்லை. எனவே, கோட்டுக்குள் எழுத்து நிற்கவில்லை என்பதற்காக ஒரு குழந்தையை அடிப்பது, இன்னும் காய்க்காத மரத்தைக் கல்லால் எறிவதற்கு ஒப்பாகும். ஜனவரி 31 ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியான பிள்ளையையே நமது நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் தரம் 1 இல் சேர்க்கின்றன. 1999 இல் நாடு முழுவதும் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் கொண்டுவரப்பட்டபோது, தரம் 1, 2 மாணவர்களுக்கு விளையாட்டுக்கே முதலிடம் வழங்கப்பட்டது. செயற்பாடு அடுத்த இடத்திலும், கொப்பியில் எழுதும் வேலை கடைசி இடத்திலும் வைக்கப்பட்டன. தரம் 1 பிள்ளைக்கே நிலைமை இதுவென்றால், முன்பள்ளிப் பிள்ளையிடம் நாம் எதை எதிர்பார்க்கின்றோம்?

அவ்வாறாயின், பிள்ளைக்கு எதையும் கற்பிக்காமல் விட்டுவிடுவதா? இல்லை. கற்பிக்கும் வழியை மாற்றிக்கொள்வதே தேவையாகும்.

அல்குர்ஆனின் 31 ஆம் அத்தியாயம் லுக்மான் (அலை) அவர்களின் பெயரால் அமைந்தது. அவர்கள் மகனுக்குச் செய்த உபதேசம், அருமை மகனே என்ற அன்பான அழைப்போடு தொடங்குகின்றது. அல்லாஹ்வின் அறிவுக்கு எதுவும் மறைவானதல்ல என்பதை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம், கடுகளவு ஒரு வித்து. நம் சமையலறை அஞ்சறைப் பெட்டியிலும் அதே கடுகு இருக்கின்றது. நடையில் நிதானத்தையும் குரலில் தாழ்மையையும் அவர்கள் மகனுக்கு உபதேசித்தார்கள். குரலைத் தாழ்த்தச் சொல்லும் தந்தை கூச்சலிட்டுச் சொல்லியிருக்க முடியாது.

தாய்மார்களே! உங்கள் வீடே பிள்ளையின் பாடசாலை. மீன் வாங்கி வந்தால், பிள்ளையை அருகில் அழைத்துக்கொள்ளுங்கள். இது கீரி, இது சூரை, இது இறால் என்று பெயர் சொல்லுங்கள். பெரியது எது, சிறியது எது என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பாயை விரிக்கும்போது, இன்று எத்தனை பேர் உண்ணப் போகின்றோம், எத்தனை பீங்கான் வேண்டும் என்று கேளுங்கள். இலக்கம் கொப்பியில் இருப்பதைவிடப் பீங்கானில் நன்றாக விளங்கும். ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஓர் உருண்டையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கௌபியையும் பயற்றையும் கலந்து வைத்து, வெவ்வேறாகப் பொறுக்கச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கு அதுவே பயிற்சி. ஆனால் சிறு விதைகளை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது அது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

தந்தைமார்களே! பிள்ளையை ஏற்றிக்கொண்டு செல்லும் பயணத்தையும் வீணாக்கிவிடாதீர்கள். வாவியில் தோணி தெரிந்தால் தோணியைப் பற்றிப் பேசுங்கள். வயலில் சிறுபோக அறுவடை நடந்தால் இறங்கி நின்று காட்டுங்கள். நமது கடதாசி ஆலையைக் கடக்கும்போது, 1950களில் தொடங்கிய இந்த ஆலையில் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள். வைக்கோல் எப்படிக் கடதாசியாகும் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விதான் கல்வியின் வாசல். விடை தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்வோம் என்று சொல்லுங்கள்.

பிள்ளையிடம் பேசுவதற்கு விடயம் இல்லை என்பவர்கள் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பார்க்கட்டும். அனஸ் (ரழி) அவர்களுக்கு அபூ உமைர் என்றழைக்கப்பட்ட சின்னஞ்சிறு தம்பி ஒருவர் இருந்தார். அவர் வைத்து விளையாடிய சிறு குருவியைப் பற்றி நபியவர்கள் அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். ஓர் உம்மத்தின் பாரத்தைச் சுமந்திருந்த அவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. நமக்கு இல்லையா? ஸுஜூதில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால், அப்பிள்ளையை அவசரப்படுத்த விரும்பாமல் ஸுஜூதையே நீட்டினார்கள் என்பதும் ஹதீஸ்களில் வந்திருக்கின்றது.

ஒழுக்கத்தையும் அவர்கள் இவ்வாறே கற்பித்தார்கள். அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் பின் அபீ ஸலமா (ரழி) என்னும் சிறுவரின் கை, உண்ணும்போது தட்டு முழுவதும் அலைந்தது. நபியவர்கள் ஏசவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தன் முன்னால் இருப்பதை எடுக்கவும் அந்தச் சாப்பாட்டு வேளையிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். தொழுகையை ஏவும் வயதாக ஏழையே அவர்கள் குறிப்பிட்டார்கள். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளை தொழுகையின் நடுவே எழுந்து ஓடினால் கோபப்பட வேண்டாம். உங்கள் முஸல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு முஸல்லாவை விரித்து வையுங்கள். வேண்டியபோது வந்து நிற்கும்.

இனி, கைப்பேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் ஓடியாடி இயங்க வேண்டும். பகல் உறக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலங்கள் உறங்க வேண்டும். திரைக்கு முன் அமர்ந்திருக்கும் நேரம் 1 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது. நம் வீட்டுக் கணக்கு எப்படி இருக்கின்றது என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும். கைப்பேசி பிள்ளைக்கு ஆயிரம் சொற்களைக் கேட்க வைக்கும். ஆனால் பிள்ளை சொல்லும் ஒரு சொல்லுக்கேனும் அது காது கொடுக்காது. தன் பேச்சைக் கேட்க ஒருவர் இருந்தாற்றான் குழந்தைக்குப் பேச்சு வளரும்.

கைப்பேசியைத் திரும்ப வாங்குவதற்காக, கடைக்குக் கூட்டிப் போகின்றேன் என்று பொய் சொல்லவும் வேண்டாம். ஒரு தாய் தன் பிள்ளையை ஏதோ தருவதாகச் சொல்லி அழைத்தபோது, என்ன கொடுக்க நினைத்தீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள்.

கடல் கடந்து உழைக்கும் தந்தைமார்களே! கத்தாரிலோ சவூதியிலோ இருந்து நீங்கள் அழைக்கும்போது, ஏபிசி சொல்லு, எண்ணிக் காட்டு என்று பரீட்சை வைக்காதீர்கள். இன்று என்ன செய்தாய் என்று கேளுங்கள். உங்கள் சிறுவயதுக் கதையொன்றைச் சொல்லுங்கள். உங்கள் பணத்தைப் போலவே உங்கள் குரலும் பிள்ளைக்குரிய வாழ்வாதாரம்.

இளைஞர்களே! உங்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டில் தம்பியோ தங்கையோ மருமகனோ இருந்தால், நாளொன்றுக்கு அரை மணி நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். அஸருக்குப் பின் மணலில் ஓட விடுங்கள். நபிமார்களின் வரலாற்றைக் கதையாகச் சொல்லுங்கள். உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரிந்த விடுகதைகளையும் தாலாட்டுக்களையும் கேட்கச் செய்யுங்கள். ஆனால் வாவிக்கோ கடலுக்கோ கிணற்றடிக்கோ ஒரு கணமும் சிறு பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்த நாட்களில் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள். நான்கு வயதாகியும் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், அழைத்தால் திரும்பாவிட்டால், அது பிடிவாதம் என்று முடிவுகட்டி அடிக்காதீர்கள். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று மறைத்து வைப்பதால் இழப்பது பிள்ளையின் காலமே.

என் மகன் இப்போது வளர்ந்துவிட்டான். எழுத்தைப் பின்னர் தன் வயதில் தானாகவே பிடித்துக்கொண்டான். அவன் என்னிடம் கேட்ட அக்கேள்வியை மட்டும் நான் மறக்கவில்லை. உங்கள் பிள்ளை உங்களிடம் அதைக் கேட்காதிருக்கட்டும். விடுமுறை முடிந்து முன்பள்ளிக்குத் திரும்பும் நாளில், இன்னும் கொஞ்ச நாள் உம்மாவோடும் வாப்பாவோடும் இருக்கலாமே என்று அப்பிள்ளை நினைத்தால், அந்த விடுமுறையில் நீங்கள் கற்பிக்க வேண்டியதைக் கற்பித்துவிட்டீர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. அவர்களின் விடயத்தில் நாம் செய்த அவசரத்தையும் கடுமையையும் மன்னிப்பானாக. அவர்களிடம் மென்மையாக நடக்கும் உள்ளத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.