பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது?

(தொழிற்சங்கக் கல்விக் கூட்டத்தில் கல்முனைப் பகுதிக் கணித ஆசிரியர்கள் ஆற்றிய உரை)

 

கடற்கரையிலிருந்து உங்கள் மலைக்கு வந்திருக்கிறோம். "என்ட பிள்ளைக்குக் கணக்கு ஏறாது சேர்" என்று எங்கள் ஊர் உம்மாமார் சொல்வார்கள். இங்கேயும் அதே பேச்சைக் கேட்டோம். ஏறாது என்று எந்தப் பிள்ளையையும் கைவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தோம்.

402 இலிருந்து 178ஐக் கழித்தால் 224. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை 376 என்று எழுதியது. மற்றது 234 என்று எழுதியது. இரண்டுக்கும் சிவப்புப் பேனையால் பிழை போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டும் ஒரே பிழையல்ல. முதல் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கவே தெரியாது. இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவிலுள்ள பூச்சியத்தில்தான் தடுமாறியது.

முதல் பிள்ளையின் கையில் நான்கு நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் குத்தியும் கொடுத்தோம். "கடைக்கு 178 ரூபாய் கொடு" என்றோம். சில்லறை மாற்றாமல் கொடுக்க முடியாது என்று அதுவே கண்டுபிடித்தது. மற்றதற்குக் காசு தேவைப்படவில்லை. பூச்சியம் வரும் கணக்குகளை மட்டும் பழக்கினோம்.

மருதமுனை நெசவாளியின் பிள்ளைக்கு நூலிலும், சாய்ந்தமருது மீனவரின் பிள்ளைக்கு மீன் பங்கிலும் கணக்கைத் தொடங்குவோம். உங்கள் பிள்ளைக்குக் கொழுந்துத் தராசு இருக்கிறது, சம்பளத் துண்டு இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குச் சேமலாப நிதியாக உங்களிடம் 8 வீதம், அதாவது 80 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி போட வேண்டியது 12 வீதம், 120 ரூபாய். வீதம் படிக்கும் பிள்ளை இதைச் சரிபார்க்கட்டும். பாடமும் ஆகும், காவலும் ஆகும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துப் படிப்பித்தார்கள். அரும்பில் நிற்பது அவமானமல்ல. அங்கேயே விட்டுவிடுவதுதான் அநியாயம். சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் மேற்படிப்பின் வாசல் ஒடுங்கிப்போகும். தரம் பத்தில் விழும் பிள்ளை, பெரும்பாலும் தரம் மூன்றிலேயே தடுக்கியிருக்கும்.

தோழர்களே, நாற்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றால் இதெல்லாம் கஷ்டம். எங்களுக்கும் கஷ்டம்தான். அதனால் தோட்டப் பாடசாலைக்குப் போதிய கணித ஆசிரியர்களைச் சங்கம் கேட்க வேண்டும். நீங்களும் பாடசாலைக்குப் போகும்போது "எத்தனை புள்ளி?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது? அடுத்த படிக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். அதைக் கேட்கப் படித்திருக்கத் தேவையில்லை.