நடுவழியில் நின்ற டீசல் லாரி



நெல்லும் உப்பும் சிமெண்டும் சமையல் எரிவாயுவும் நம்முடைய ஊர்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் லாரிகளின் உபகாரத்தினால்தான் என்பதை அறியாதவர் இல்லை. ஆனால், பாரம் ஏற்றிச் சீராக ஓடிக்கொண்டிருந்த லாரி ஒன்றின் இன்ஜின் யாதொரு எச்சரிக்கையுமின்றி நடுச்சாலையில் நின்றுபோனால், அதன் காரணத்தை எங்கே தொடங்கி எந்த முறையில் தேடவேண்டும் என்பதில், அந்தத் தொழிலிலேயே ஊறியவர்களிடத்தும் ஒழுங்கான பழக்கம் போதிய அளவு காணப்படவில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய பகுதிகளில், கடன் வாங்கி ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு, அதைத் தாமே ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் அநேகர். அத்தகைய ஒருவருடைய வண்டி பட்டறை வாசலுக்கு இழுத்துவரப்பட்டதும், அவரிடம் ஒரு வார்த்தை விசாரிப்பதற்கு முன்பே டீசல் பம்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சொற்ப விலையுள்ள செப்பு வாஷர் ஒன்று தேய்ந்ததனால் நேர்ந்த கோளாறுக்கு, பல்லாயிரம் ரூபாய் செலவும், வாடகையில்லாத பல நாட்களும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. இன்ஜின் நின்ற விதமே காரணத்துக்கு முதற்சாட்சி. அந்தச் சாட்சியம் டிரைவரிடத்தில் இருக்கிறது. அதைப் பொறுமையுடன் கேட்டு முடித்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்கவேண்டும் என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

டீசல் இன்ஜினின் தத்துவத்தைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். பெட்ரோல் இன்ஜினில் உள்ளதுபோல இதில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறக்குறையப் பதினாறில் ஒரு பங்காகவோ அதற்கும் சிறிதாகவோ நெருக்கும்போது, அந்தக் காற்றின் உஷ்ணம் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்தத் தறுவாயில் நாசில் வழியாக மூடுபனிபோல் தெறிக்கும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளுகிறது. ஆகவே, நல்ல காற்று, நல்ல நெருக்கம், வேளை தவறாத டீசல் ஆகிய மூன்றும் உள்ளவரையில் இந்த யந்திரம் நிற்பதில்லை. இவற்றுள் நெருக்கம் ஒரு நிமிஷத்தில் குறைந்துபோவது அபூர்வம்; பிஸ்டனும் ரிங்கும் தேய்வதற்கு வருஷங்கள் ஆகும். காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டால் கறுப்புப் புகை கக்கிச் சக்தி குறையுமேயன்றி, சட்டென்று நிற்பது அரிது. எஞ்சியிருப்பது டீசல். ஓடும் இன்ஜின் நின்றுபோகும் சந்தர்ப்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றில், டீசல் வரும் வழியில் எங்கேயோ தடை ஏற்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் கொள்ளவேண்டும்.

அப்படியானால் பம்பைச் சந்தேகிப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய நிபுணர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தமது யந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக்காட்டியபோது, எண்ணெயைச் சிலிண்டருக்குள் புகுத்துவதற்கு அழுத்தமூட்டிய காற்றையே நம்பியிருந்தார். அதற்கு வேண்டிய கனமான கம்ப்ரஸரைச் சாலை வண்டியில் ஏற்றுவது சுலபமாக இல்லை. ராபர்ட் பாஷ் ஸ்தாபனம் 1927ஆம் ஆண்டில் உற்பத்தி செய்யத் தொடங்கிய சிறிய பம்புதான் டீசலை லாரிக்கு உரியதாக்கிற்று. 1951இல் தோன்றிய, பெங்களூரைச் சேர்ந்த மைக்கோ நிறுவனம் அவ்வகைப் பம்புகளைப் பின்னர் நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. அதனுள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. இவ்வளவு சூக்ஷ்மமாகக் கடைந்த உறுப்பு தேயும்போது படிப்படியாகத்தான் தேய்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவது, மேட்டில் இழுவை குறைவது என்று வாரக்கணக்கில் அது முறையிட்டுக்கொண்டே இருக்கும். பம்பைச் சுழற்றும் கப்ளிங் முறிந்தாலன்றி, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பம்பு இன்று திடீரென்று ஓய்வதில்லை.

காரணத்தை ஆராய்வதற்கு முன், வண்டி நின்ற கணத்தில் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் அடங்கியதும் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்குக் காற்றை நிரப்பும் கம்ப்ரஸரும் ஓய்ந்துவிடும். காற்று டேங்கில் மிஞ்சியிருக்கும் காற்று சில தடவை பிரேக் பிடிப்பதற்கே போதும். ஆதலால் பெடலை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே நிதானமாக அழுத்தி வண்டியை இடப்புறம் ஒதுக்கவேண்டும். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, முக்கோணப் பலகையைத் தூரத்தில் வைக்கவேண்டும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை, வண்டி புறப்பட்ட பிறகு சாலையிலேயே விட்டுச்செல்லும் வழக்கம் மிகக் கொடியது. இரவில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அந்தக் கல் கண்ணில் படாது. கிளீனர் கடைசியாகச் செய்யவேண்டிய வேலை அதை அகற்றுவதே.

இனி விசாரணை. இன்ஜின் விளக்கை அணைத்ததுபோல ஒரே கணத்தில் அடங்கியதா, அல்லது மூச்சுத் திணறி, விட்டு விட்டு இழுத்து, பிறகு அடங்கியதா? இந்த ஒரு கேள்வி பாதி வழியைத் திறந்துவிடும். திணறி அடங்கினால் டீசல் பற்றாக்குறை. ஒரே கணத்தில் அடங்கினால் மின்சாரத் தொடர்பில் சந்தேகம். உள்ளே பெருஞ்சத்தத்தோடு பிடித்திழுத்து நின்றால், உறுப்பு ஏதோ உடைந்தது அல்லது இறுகிப்போனது. அடுத்து, எந்த இடத்தில் நின்றது? தருமபுரியை நோக்கித் தொப்பூர்க் கணவாயில் பாரத்தோடு ஏறும் லாரிக்குச் சமதரையில் வேண்டியதைக் காட்டிலும் பன்மடங்கு டீசல் வேண்டும். பாதி அடைத்த டீசல் பில்டர் சமதரையில் ஈடுகொடுத்துவிட்டு, அந்த ஏற்றத்தில்தான் தன் குறையை வெளிப்படுத்தும். பள்ளத்தில் இறங்கிக் குலுங்கிய உடனே நின்றதென்றால் ஒயரையும் டெர்மினலையும் பார்க்கவேண்டும். முந்தின நாள் புதிய பங்கில் டீசல் பிடித்தார்களா, சமீபத்தில் பில்டர் மாற்றினார்களா என்று கேட்கவேண்டும்; டீசலோடு தண்ணீர் கலந்து வந்திருக்கலாம், பில்டரின் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் இருக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, சிறிது நேரம் நிறுத்திவைத்தபின் தானாக ஸ்டார்ட் ஆகிறதா என்ற கேள்வி.

இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், பார்வையை முதலில் இன்ஜினிலிருந்து எடுத்து டீசல் டேங்கின்மேல் செலுத்தவேண்டும். டேங்கில் டீசல் குறையக் குறைய, அவ்விடத்தை நிரப்புவதற்கு வெளிக்காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக மூடியிலோ மேற்புறத்திலோ ஒரு சிறு துவாரம் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சிறிது வழிந்து பின் நின்றுவிடுவதையும், மறுபுறம் இன்னொரு துளை போட்டதும் தாராளமாக ஒழுகுவதையும் வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். சாலைப் புழுதியும் சேறும் அந்தத் துவாரத்தை மூடிவிட்டால் லாரிக்கும் அதே கதிதான். வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மூடி குற்றமற்றதாயின், டேங்குக்குள் துணித்துண்டோ, பிளாஸ்டிக் தாளோ, உரிந்த துருவோ மிதக்கிறதா என்று நோக்கவேண்டும். இன்ஜின் இழுக்கும் வேகத்தில் அந்தத் துண்டு உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றவுடன் பிடி விட்டு நகர்ந்துவிடும். பட்டறைக்கு வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். டிரைவர் சொல்வதைப் பொய்யென்று முதலாளி நினைத்துவிடும் விபரீதம் இதனால்தான் நேர்கிறது. அந்த மனத்தாங்கலில் நல்ல டிரைவரை இழந்துவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

டேங்கிலிருந்து, டீசலை இழுத்துவரும் ஃபீட் பம்பு வரையில் உள்ள குழாய் வேறொரு விஷயத்தில் ஏமாற்றக்கூடியது. அந்தப் பகுதியில் டீசல் தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. ஆகையால், யூனியன் போல்ட்டின் செப்பு வாஷர் தேய்ந்திருந்தாலும், ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலும், வெளியே டீசல் சொட்டாமல் காற்று உள்ளே புகும். ஈரம் காணாததால் ஒழுக்கு இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வண்டி ‘ஏர் பிடித்துக்கொள்ளும்’. பில்டர்மேல் உள்ள திருகைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரையில் ஏர் எடுத்தால் ஓடும். சில மைல் தாண்டி மறுபடியும் நிற்கும். இதைத் தீர்க்க ஓர் எளிய பரீட்சை உண்டு. சுத்தமான டீசல் நிரம்பிய கேன் ஒன்றை உயரத்தில் பத்திரமாகக் கட்டி, புதிய ஹோஸ் ஒன்றின் வழியாக ஃபீட் பம்புக்கு நேரே இணைத்து இன்ஜினை ஓட்டிப் பார்க்கவேண்டும். அப்போது தடையின்றி ஓடினால் குற்றம் டேங்கிலோ குழாயிலோ இருக்கிறது. அப்போதும் நின்றால் ஃபீட் பம்பையும் பில்டரையும் நோக்கவேண்டும். இந்தப் பரீட்சைக்குப் பணச்செலவு அனேகமாக இல்லை. இதைச் செய்யாமல் டீசல் பம்பைக் கழற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் செல்ப் அடிக்கும்போது ஒருவர் புகைக்குழாயைக் கவனிக்கவேண்டும். வெண்புகை வந்தால், டீசல் சிலிண்டரை அடைகிறது, ஆனால் எரியவில்லை. புகையே வராவிட்டால் டீசல் அங்கே சென்று சேரவில்லை. எவ்விதக் கருவியும் இல்லாமல், நெடுஞ்சாலை ஓரத்திலேயே தெரிந்துகொள்ளக்கூடிய பேருண்மை இது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் உள்ள பேதத்தை மறக்கலாகாது. கம்பியை இழுத்து இன்ஜினை நிறுத்தும் பழைய வகை லாரியில், ஒருமுறை ஓடத் தொடங்கிய இன்ஜினுக்குப் பாட்டரியின் தயவு தேவையில்லை. அங்கே ஒயரைத் தேடுவது வீண். பின்னால் வந்த சில பம்புகளில், மின்சாரம் இருக்கும்வரையில் மட்டுமே டீசலைத் திறந்துவைக்கும் சாலினாய்டு ஒன்று உண்டு. அதன் ஒயர் ஒரு கணம் விலகினால் இன்ஜின் அக்கணமே அடங்கும். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடெங்கும் அமலுக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிகளுக்கு உட்பட்ட லாரிகளிலோ கட்டளையெல்லாம் கம்ப்யூட்டருடையது. இவற்றில் கிராங்க் சென்சார் என்ற சிறு உறுப்பு, சூடேறியதும் மௌனமாகி, ஆறியதும் மீண்டும் பேசத் தொடங்கும் இயல்புடையது. செல்ப் அடிக்கும்போது இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் சற்றும் அசையாதிருந்தால் அதன்மேல் சந்தேகம் கொள்ளலாம். ரிலே, ஃபியூஸ், எர்த் ஒயர், சேஸிஸில் உராய்ந்து தோல் உரிந்த ஒயர்க்கட்டு ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். அவற்றுக்கும் முன்னதாக ஸ்கேனரை மாட்டிப் பதிவுகளைக் குறித்துக்கொள்ளவேண்டும். பாட்டரியை அவசரப்பட்டுக் கழற்றினால் சில வண்டிகளில் அப்பதிவுகள் அழிந்துவிடக்கூடும். புகையைச் சுத்திகரிக்கும் டெஃப் திரவம் தீர்ந்தால் பொதுவாகச் சக்தி குறைக்கப்படுமேயன்றி, ஓடும் வண்டி சடாரென்று நிற்பதில்லை.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. பழைய இன்ஜினில் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் வழக்கம் உண்டு. புதிய வகையான காமன் ரெயில் இன்ஜினில், ஓடும்போதோ செல்ப் அடிக்கும்போதோ, அதை ஒருபோதும் செய்யக்கூடாது. அதனுள் டீசலின் அழுத்தம் 1600 பார் அளவையும் தாண்டக்கூடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் பாய்ந்துவிடும். வெளியே ஊசி குத்தியதுபோன்ற புள்ளிதான் தெரியும். ஆயினும், கொஞ்சமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். பட்டறையில் தொழில் பழகும் பையன்களுக்கு இதை முதல் நாளிலேயே சொல்லிவைக்கவேண்டியது மூத்தவர்களின் கடமை.

பெருஞ்சத்தத்தோடு நின்ற இன்ஜினையும், வெள்ள நீரில் இறங்கி நின்ற இன்ஜினையும் செல்ப் அடித்துப் பார்க்கவே கூடாது. நீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால், அது நெருக்கமுடியாத பொருளாதலால், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலையும் ரேடியேட்டர் நீரையும் பார்த்து, கிராங்கைக் கையால் திருப்பிப் பார்த்து, சுழலவில்லையென்றால் வண்டியை இழுத்துச்செல்வதே விவேகம்.

கோளாறு தீர்ந்ததாகத் தோன்றியபின், பட்டறை வாசலில் சும்மா உறுமவிட்டுப் பார்ப்பது போதாது. பாரத்தோடு, முன்பு நின்ற அதே மாதிரியான ஏற்றத்தில், முழு டேங்கோடு ஒருமுறையும் குறைந்த டீசலோடு ஒருமுறையும் ஓட்டிப் பார்க்கவேண்டும். மூடியும் குழாயும் பில்டரும் ஃபீட் பம்பும் ஒயரும் குற்றமற்றவை என்று ஒவ்வொன்றாகத் தெளிந்த பிறகும் வண்டி நிற்குமானால், அப்போது டீசல் பம்பைக் கழற்றிக் காலிபரேஷனுக்கு அனுப்பலாம்.