மனந்திரும்புதல்: அழுகையா, விருந்தா?

கிறிஸ்துவ சமயத்தில் மனந்திரும்புதல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கண்ணீர்தான். முழங்காலில் நின்று, செய்த பாவங்களைச் சொல்லி அழுவதே மனந்திரும்புதல் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. அழுகை வேண்டாம் என்று அந்தச் சமயம் சொல்லவில்லை. ஆனால், இயேசு இதைப்பற்றிச் சொன்ன கதைகளில் அழுகுரலைவிட விருந்துச் சத்தமே அதிகமாகக் கேட்கிறது.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் மூன்று கதைகள் வருகின்றன. அவை எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டன என்பதை முதலில் பார்க்க வேண்டும். வரி வசூலிப்பவர்களும் ஊரார் ஒதுக்கி வைத்தவர்களும் இயேசுவைத் தேடி வந்தார்கள். அவர்களோடு அவர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சமயச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயர்கள் அதைக் கண்டு முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்புக்குப் பதிலாகத்தான் இந்தக் கதைகள் பிறந்தன.

நூறு ஆடுகளில் ஒன்று தொலைகிறது. மேய்ப்பன் மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிறான். பத்து வெள்ளிக் காசுகளில் ஒன்று தொலைகிறது. அந்தப் பெண் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். கிடைத்ததும் இருவரும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கொண்டாடுகிறார்கள். மனந்திரும்பும் ஒரே ஒரு பாவிக்காக விண்ணுலகமும் இப்படித்தான் மகிழ்கிறது என்கிறார் இயேசு.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஆட்டுக்குத் தன் தவறு தெரியாது. காசுக்கோ உயிரே இல்லை. அவை எப்படி மனந்திரும்பும்? தேடுவது முதலில் கடவுள்தான் என்பதே இதற்குப் பதில். மகிழ்ச்சியும் முதலில் அவருடையது. திரும்பி வரும் மனிதன் அந்த மகிழ்ச்சியில் பங்கு பெறுகிறான்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'மெட்டனோயா'. மனம் மாறுதல் என்பது அதன் பொருள். பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் அதற்கு வந்த சொற்றொடரோ, நாளடைவில் பாவத்துக்குப் பரிகாரம் செய்து முடிப்பது என்ற பொருளைப் பெற்றுவிட்டது. 1516இல் கிரேக்க மூலத்தை அச்சிட்டு வெளியிட்ட இராஸ்மஸ் அந்தப் பொருளைத் திருத்த முயன்றார். 1517இல் மார்ட்டின் லூதர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே இதைப் பற்றியதுதான். விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றார் அவர். நம் தமிழ்ச் சொல்லிலோ 'திரும்புதல்' இருக்கிறது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் பயன்படுத்திய 'ஷூப்' என்ற எபிரேயச் சொல்லுக்கும் திரும்பி வருதல் என்றுதான் பொருள். இது அழகான பொருத்தம்.

மூன்றாவது கதையில் இளைய மகன் திரும்பி வருகிறான். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே சொத்தில் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டு, தூர தேசத்தில் அதை அழித்தவன் அவன். கடைசியில் பன்றி மேய்க்கும் நிலைக்கு வருகிறான். யூதனுக்கு அதைவிடக் கீழே போக இடமில்லை. கூலிக்காரனாகவாவது சேர்த்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும் என்று வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டே வருகிறான். தகப்பனோ தூரத்திலேயே அவனைக் கண்டு, வயதையும் மரியாதையையும் பாராமல் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார். தன் தகுதியின்மையை அவன் சொல்லத் தொடங்குகிறான். கூலிக்காரன் என்ற பேச்சு வருவதற்குள் புது அங்கியும் மோதிரமும் செருப்பும் வந்துவிடுகின்றன.

வருத்தம் மட்டுமே மனந்திரும்புதல் ஆகிவிடாது என்பதை யூதாஸ், பேதுரு இருவரையும் பார்த்தால் விளங்கும். யூதாஸ் மனம் நொந்தான். முப்பது வெள்ளிக் காசுகளைத் திருப்பிக் கொடுத்தான். பாவம் செய்ததை ஒப்புக்கொண்டான். அவன் வருத்தத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்த வருத்தத்தோடு தனியாகப் போய் உயிரை மாய்த்துக்கொண்டான். மூன்று முறை மறுதலித்த பேதுருவும் கதறி அழுதான். ஆனால் அவன் மற்றவர்களோடு இருந்தான். பிறகு ஏரிக்கரையில் இயேசு மீனும் அப்பமும் தந்து சாப்பிட வைத்து, தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்டதாக யோவான் எழுதுகிறார். அங்கேயும் ஒரு விருந்து!

இந்த மகிழ்ச்சி மலிவானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எரிகோ நகரத்தின் வரி அதிகாரி சகேயு, இயேசுவைச் சந்தோஷத்தோடு தன் வீட்டில் வரவேற்றான். அதே வேளையில் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தான்.

இனி, இளைய மகனின் அண்ணனைப் பார்ப்போம். வயலிலிருந்து வருகிறான், பாட்டும் ஆட்டமும் கேட்கிறது. தம்பி வந்திருக்கிறான் என்று வேலைக்காரன் சொன்னதும் கோபத்தில் வெளியிலேயே நின்றுவிடுகிறான். இத்தனை வருடம் உழைத்த தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைத்ததில்லை என்கிறான். நியாயமான குறைதான். ஆனால் 'என் தம்பி' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தகப்பனுடைய மகன் என்றே பேசுகிறான். வீட்டை விட்டுப் போகாமலே அவனும் தொலைந்திருக்கிறான். அவனைத் தேடியும் தகப்பன்தான் வெளியே வருகிறார். தமக்குள்ளதெல்லாம் அவனுடையதே என்று சொல்லிக் கெஞ்சுகிறார்.

அவன் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லவில்லை. கதையைக் கேட்டுக்கொண்டிருந்த பரிசேயர்களும் அப்போது விருந்துக்கு வெளியேதான் நின்றிருந்தார்கள்.