மருந்து வேண்டும் வேளையில் நாம் என்ன செய்வது?

(செமோரில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று வேறொரு காரியத்துக்காகக் கூடியிருக்கிறோம். ஊரெங்கும் நோய் பரவி, சாலைகள் அடைபட்டுக் கிடக்கும் வேளையில் நம் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மருந்துக்கு எங்கே போவது, யாரைக் கேட்பது? சம்பள பாக்கியை அடுத்த மாதம் போராடி வாங்கிக்கொள்ளலாம். போன உயிரை அப்படி வாங்க முடியாது. ஆகவே சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

தோழர்களே! இந்தக் கவலை நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில் குளிர்சுரம் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயிற்று. கிள்ளானில் வைத்தியராயிருந்த மால்கம் வாட்சன் 1901 முதற்கொண்டு சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, கொசுவைக் குறைத்துக் காட்டினார். தோட்டங்களில் கொயினாவும் கொடுக்கப்பட்டது. பிறகு யுத்தம் வந்தது. உலகத்துக் கொயினாவில் மிகப் பெரும் பங்கு ஜாவாவில் விளைந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் மக்கள் பல்லாயிரவர் காலராவாலும் குளிர்சுரத்தாலும் மாண்டார்கள். மருந்து உலகத்தில் இருந்தது. தொழிலாளியின் கைக்கு எட்டவில்லை. இந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

இனி நம் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுங்காய்ச்சலும் மூளை மயக்கமும் கண்டன. தம்புன், உலு பியா என்ற பெயர்களெல்லாம் செமோர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர்கள்தாம். இது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் எண்ணினார்கள். புகை அடித்தார்கள், அதற்குரிய தடுப்பூசியையும் போட்டார்கள். ஜனங்களும் ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாயிருந்தார்கள். நோயோ நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இதுவோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த வளர்ந்தவர்களைப் பிடித்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் இது முற்றிலும் புதிய கிருமி என்று கண்டார். நெகிரி செம்பிலானிலுள்ள சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகுதான் அது அடங்கிற்று. அதற்குள் சுமார் 265 பேரைப் பிடித்து 105 உயிர்களை வாங்கிவிட்டது.

இதைச் சொல்லுவது யாரையும் குறை கூறுவதற்காக அன்று. தவறான மருந்தை வாங்கிக்கொண்ட குடும்பம், மருந்து வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் இருந்துவிடும். அதுதான் பேராபத்து. மருந்து எது என்று அறிவதற்குமுன் நோய் எது என்று அறிய வேண்டும்.

அன்பர்களே! அடுத்தது நாம் எல்லோரும் கண்ணால் கண்ட காலம். 2020 மார்ச் 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சாலைதோறும் போலீஸ் தடுப்பு. வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், பத்துக் கிலோமீட்டருக்குமேல் போகலாகாது என்றார்கள். செமோரிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி அதற்கு அப்பாலிருக்கிறது. வைத்தியத்துக்கு, பக்கத்தில் வழியில்லாவிட்டால், அந்த எல்லையைத் தாண்டலாம் என்று சட்டத்திலேயே இடமிருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது?

நாங்கள் அறிந்த ஒரு தாயார், அறுபது வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர். ஊசி மருந்து தீர்ந்துபோயிற்று. போலீஸ் பிடிக்கும் என்று பயந்து, எஞ்சியிருந்ததைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு ஒன்பது நாள் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை அவர் தள்ளாடுவதைப் பார்த்து எங்களிடம் ஓடிவந்தாள். ஒரு தம்பி, அம்மாவின் கிளினிக் அட்டையையும் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனான். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் அட்டையைப் பார்த்தார், வழி விட்டார். ஒரு மணி நேரத்தில் மருந்து வந்தது. ஒன்பது நாள் பயம், ஒரு மணி நேரத்து வேலை!

இன்னொரு வீட்டில் அப்படி முடியவில்லை. 2021-ல், நோய் உச்சத்திலிருந்த மாதங்களில், ஒரு தகப்பனாருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டன. பேசிக்கொண்டிருந்தார், தேநீர் குடித்தார். மூச்சு வாங்குவது மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. கொண்டுபோய்த் தனியே அடைத்துவிடுவார்கள் என்று வீட்டார் அஞ்சினார்கள். யாரோ சொல்லி, ஐவர்மெக்டின் என்ற மாத்திரையைக் கடன் வாங்கிக் கள்ள விலைக்கு வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது நேரம் கடந்துவிட்டது. அந்த வீட்டாரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது. அன்போடுதான் செய்தார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாமற்போனதே குறை.

அந்த மாத்திரையைப் பற்றிய உண்மையைக் கண்டுபிடித்தவர்களில் நம் ஈப்போ வைத்தியர்கள் முன் நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஸ்டீவன் லிம் தலைமையில், 2021 மே இறுதியிலிருந்து அக்டோபர் வரை, நாட்டின் 20 அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்தார்கள். ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆகி, வேறு வியாதியும் உடைய 490 நோயாளிகள். மாத்திரை உண்ட 241 பேரில் 52 பேருக்கும், உண்ணாத 249 பேரில் 43 பேருக்கும் நோய் முற்றியது. அதாவது நோய் முற்றுவதை அது தடுக்கவில்லை. 2022-ல் அமெரிக்க வைத்திய சஞ்சிகையில் இந்த முடிவு வெளிவந்து உலகமே படித்தது.

அப்படியானால் உயிரைக் காத்தது எது? பிராணவாயு, தக்க நேரத்தில். பிராணவாயு தேவைப்பட்ட நோயாளிகளுக்கு வைத்தியர் கையால் கொடுக்கப்பட்ட டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து. இதை 2020 ஜூனில் இங்கிலாந்து ஆராய்ச்சி நிரூபித்தது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்து பயன் தரவில்லை என்பதையும் கவனியுங்கள். பின்னர் 2022-ல் பக்ஸ்லோவிட் என்ற மாத்திரை நம் நாட்டுக்கு வந்தது. அதை நோய்க்குறி கண்ட ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னே தடுப்பூசி. இவற்றில் ஒன்றும் கள்ளச் சந்தையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்கதன்று. எல்லாமே சீக்கிரம் போய்ச் சேர்ந்தவனுக்குப் பயன்பட்டவை.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு குடும்பமும் இன்றே செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, ஒரு தாளில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயர், வயது, நோய், உண்ணும் மருந்து, அதன் அளவு, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அத்தாளைக் கிளினிக் அட்டையோடு ஒரே பையில் வைத்து, வீட்டார் யாவருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டுங்கள்.

இரண்டாவது, நாள்பட்ட நோய்க்கு உண்ணும் மருந்து இரண்டு வாரத்துக்குக் குறையும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். அரசாங்க மருந்தகங்கள் பக்கத்துக் கிளினிக்கில் மருந்து பெறவும், தபாலில் பெறவும், வண்டியிலிருந்து இறங்காமல் பெறவும் வழி வைத்திருக்கின்றன. உங்கள் கிளினிக்கில் எது உண்டு என்று அமைதியான நாளிலேயே கேட்டு வையுங்கள். திறக்காத இன்சுலினைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உறையும் தட்டில் வைக்காதீர்கள். திறந்ததைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வெயில் படாத இடத்தில் வைத்துப் பயன்படுத்தலாம். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, வெளியே மருந்து வாங்கினால் அட்டைப் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் பாதுகாப்பு ஒட்டுச் சீட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத மருந்தை யார் சத்தியம் செய்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். காய்ச்சலுக்கு, டெங்கி இல்லையென்று தெரியும்வரை, ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நான்காவது, காத்திருக்கக் கூடாத அடையாளங்களை மனப்பாடம் செய்யுங்கள். மூச்சு வாங்குதல், உதடு நீலம் பாய்தல், புத்தி தடுமாறுதல், வலிப்பு, நீர்கூட உள்ளே தங்காத வாந்தி. டெங்கியில் காய்ச்சல் தணியும் நாளிலேயே வயிற்று வலியும் ஈறில் இரத்தமும் சோர்வும் கண்டால் அதுவும் ஆபத்தே. இவற்றில் ஒன்று கண்டாலும் 999-ஐக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் பிராணவாயுமானி ஒன்று பொதுவில் இருப்பது நல்லது; 95-க்குக் கீழே காட்டினால் உடனே புறப்பட வேண்டும். கருத்த தோலில் அக்கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. நம் நிறத்தவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். எண் நன்றாயிருந்தாலும் ஆள் நன்றாயில்லையென்றால் ஆளையே நம்புங்கள்.

இவை குடும்பத்தின் கடமை. சங்கத்தின் கடமை என்ன? ஒவ்வொரு லயத்துக்கும், இப்போது தோட்டம் போய் வீடமைப்பாகிவிட்ட ஒவ்வொரு வரிசைக்கும், இருவர் பொறுப்பேற்க வேண்டும். தனியே வாழும் முதியவர் யார், இரவில் புறப்படக்கூடிய வண்டி யாருடையது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிரசர் இருந்த காலத்தில், குறையோ நிறையோ, இரவில் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அந்தக் கதவும் பல இடங்களில் போய்விட்டது. புதிய கதவை நாமே அமைக்க வேண்டும்.

முதலாளிமாருக்கும் ஒன்று சொல்லுகிறோம். தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வீட்டு வசதியும் வைத்திய வசதியும் செய்து தருவது குறித்து 1990-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது தருமமாகப் போடும் பிச்சையன்று. இன்று லயங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் வாழ்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு அஞ்சியும் பத்திரத்துக்கு அஞ்சியும் அவர்கள் நோயை மறைக்கிறார்கள். நம் பாட்டன்மாரும் ஒருநாள் அப்படித்தான் கப்பலிலிருந்து இறங்கி, கேட்பாரின்றிக் கிடந்தார்கள். அடுத்த அறையில் மறைந்திருக்கும் நோய் நம் அறைக்கும் வரும். ஆகவே அவர்களையும் நம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த நோய் எது, எப்போது வரும் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அது வரும் நாளில் அந்தத் தாயார் ஒன்பது நாள் காத்திருந்ததுபோல் செமோரில் இன்னொருவர் காத்திருக்கலாகாது. இக்கூட்டம் முடிந்ததும் வாசலில் தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் வீடு செல்ல வேண்டும்.